கிண்ணமும் குயவரும்: யப்பானியத் தேநீர்க்கலச் சேகரிப்பின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

அழகிய பொருள்களைச் சேகரித்தல் தனிமனித இரசனை சார்ந்த விடயம் என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. ஒருவருக்கு ஓவியத்தில் நாட்டம். இன்னொருவருக்குப் பழைய நாணயத்தில் நாட்டம். வேறொருவருக்குத் தேநீர்க் கோப்பைகளில் நாட்டம். இவற்றுக்குக் காரணம் தேடுவது வீண்வேலை என்பாருமுளர். ஆயின், ஒரு சமுதாயத்தின் ஆளுங் குழாத்தினர் தலைமுறை தலைமுறையாக ஒரே வகைக் கலத்தைத் தேடியலைந்து, அதற்காகப் பொன்னையும் நிலத்தையும் சிலவேளை உயிரையுங்கூடக் கொடுத்துள்ளனர் எனின், அதனை இரசனை என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கி அமைந்துவிட முடியாது. யப்பானியரின் தேநீர்க்கலச் சேகரிப்பு அத்தகையது. அக்கலங்களின் அழகை நாம் மறுக்கவில்லை. அவ்வழகுக்கு உரிமை கொண்டாடியோர் யாவர், அதனை ஆக்கியோர் என்னவாயினர் என்னும் வினாக்களை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யப்பானுக்கு வந்த இத்தாலியரான யேசுசபைக் குரு அலெஸ்சான்றோ வலிஞானோ, கியூஷூத் தீவிலுள்ள பூங்கோ நாட்டின் பிரபு ஓட்டொமோ சோரின் தமக்குக் காட்டிய ஒரு சிறு மட்கலத்தைப் பற்றி எழுதியுள்ளார். தேயிலைத்தூள் வைப்பதற்கான அக்கலத்துக்குப் பிரபு கொடுத்த விலை 9,000 தாயெல் வெள்ளி. தாமாயின் இரண்டு செப்புக்காசும் கொடுத்திருக்க மாட்டார் என்றும், தம் நாட்டில் அது பறவைக்கூட்டில் நீர் வைக்கவே பயன்படும் என்றும் குரு வியக்கின்றார். ஏன் இவ்வாறு செய்கிறீர்கள் என வினவியபோது, நீங்கள் வைரத்துக்கும் மாணிக்கத்துக்கும் பெருவிலை கொடுப்பது எமக்கு அதனினும் வியப்பு, எமது கலங்களாவது ஏதோவொரு பயனுக்கு உதவுகின்றன என யப்பானியர் விடையிறுத்தனராம். விடை கூர்மையானதுதான். எனினும் ஒரு மட்கலத்தின் விலை அதன் மண்ணிலும் இல்லை, பயனிலும் முழுமையாக இல்லை என்பதை வினாவும் விடையும் ஒருங்கே காட்டிநிற்கின்றன.

தேயிலை யப்பானுக்குச் சீனாவிலிருந்து வந்தது. 9ஆம் நூற்றாண்டிலேயே துறவிகள் சிலர் அதனை அறிந்திருந்தனராயினும், 1191இல் சீனாவிலிருந்து மீண்ட எய்சாய் என்னும் சென் பௌத்தத் துறவியின் பின்னரே அப்பானம் நிலைகொள்ளலாயிற்று. தேயிலையைத் தூளாக்கி, வெந்நீரிலிட்டு, மூங்கிற் கலக்கியால் நுரையெழ அடித்துப் பருகுவது அக்காலச் சீன வழக்கம். பருகும் முறையோடு பருகும் கலமும் கடல் கடந்தது. பூக்கியன் மாகாணச் சூளைகளிற் சுடப்பட்ட, நுரையை எடுப்பாகக் காட்டும் கருநிறக் கிண்ணங்களை யப்பானியர் ‘தெம்மொக்கு’ என்றனர். தியன்மு மலையின் மடங்களிற் பயின்று திரும்பிய துறவிகள் அவற்றைக் கொணர்ந்தமையால் மலையின் பெயரே கலத்தின் பெயராயிற்று. பின்னர் சீனாவில் வழக்கம் மாறியது. 1391இல் மிங் வம்சத்தின் முதற் பேரரசர், அச்சிலிட்டு அழுத்திய தேயிலைக் கட்டிகளைத் திறையாகப் பெறுவதை நிறுத்தினார். இலையைக் கொதிநீரிலிட்டு வடித்துப் பருகும் முறை பரவியது. கருங்கிண்ணத்துக்குப் பிறந்த இடத்தில் வேலையில்லாமற் போயிற்று. புகுந்த இடத்தில் அது திரவியமாயிற்று.

15ஆம் நூற்றாண்டில் அஷிக்காகா யோஷிமாசா முதலிய ஷோகன்மாரின் மாளிகைகளில் இத்தகைய சீனக் கலங்கள் நிரை நிரையாக வைக்கப்பட்டிருந்தன. 1467 முதல் 1477 வரை நிகழ்ந்த ஓனின் யுத்தம் கியோத்தோ நகரைச் சாம்பலாக்கியது. அழிந்தவை போக, எஞ்சிய சேகரிப்புகள் சிதறிக் கைமாறின. அவற்றை வாங்கும் வல்லமை பெற்றிருந்தோர் சக்காய்த் துறைமுக வணிகர். தேநீர்ச் சடங்கினை ஒரு கலையாக வகுத்தோருள் டக்கெனோ ஜோவோவும் (1502-1555) சென் நோ றிக்யூவும் (1522-1591) இவ்வணிகரிடையிலிருந்து தோன்றியோரே. குறுகிய மண்சுவர் அறை, குனிந்து நுழையும் சிறுவாயில், அலங்காரமற்ற கலங்கள் என எளிமையையே அழகாகக் கொள்ளும் ‘வபி’ நெறி இவர்கள் காலத்தில் முழுமை பெற்றது.

இந்நெறிக்கு ஏற்ற கிண்ணத்தை அவர்கள் சீனாவில் அன்றி, கொரியாவிற் கண்டனர். கொரியக் கிண்ணம் பற்றிய குறிப்பு தேநீர் விருந்து நாட்குறிப்புகளில் 1537 அளவில் முதன்முறையாக வருகின்றது. அதற்கு அரை நூற்றாண்டின் பின்னர், 1588இல், றிக்யூவின் மாணவரான யமனோவே சோஜி தமது குறிப்பேட்டில், சீனக் கிண்ணங்களின் காலம் கழிந்துவிட்டது என்றும் கொரியாவின் ‘இடோ’க் கிண்ணமே தலைசிறந்தது என்றும் எழுதுகின்றார். இம்மாற்றத்தை எவ்வாறு விளங்கிக்கொள்வது? சீனக் கலங்கள் சில. அவற்றுக்கு உரியோர் பழைய பிரபுக்கள். அவற்றின் தரவரிசை ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. புதிதாக மேலெழுந்த வணிகர், எவரும் விலை பேசாத ஒரு பொருளை எடுத்து அதற்குத் தாமே மதிப்பு வகுப்போராயினர். பழைய பட்டியலில் இடம் கேட்டு நிற்பதினும் புதிய பட்டியலை எழுதுதல் இலாபகரமானது. இதனைக் கொண்டு றிக்யூவின் அழகுணர்வு முழுவதையும் வணிகக் கணக்காகச் சுருக்கிவிட நாம் முற்படவில்லை. கோணலிலும் கரட்டு மேற்பரப்பிலும் அழகைக் காணும் கண் உலக அழகியல் வரலாற்றிற் பெரும்பேறுதான். ஆனால் கண்ணுக்கும் வர்க்கம் உண்டு.

கலங்களின் மதிப்பை அரசியல் அதிகாரம் விரைவிற் கைப்பற்றிக்கொண்டது. 1568இற் கியோத்தோவுட் புகுந்த ஒடா நொபுனாகா, பெயர்பெற்ற தேநீர்க்கலங்களைப் பிரபுக்களிடமும் வணிகரிடமும் இருந்து திரட்டலானார். கொடுத்த விலை விற்போர் கேட்ட விலையன்று. திரட்டியவற்றை வெற்றி பெற்ற தளபதிகளுக்குப் பரிசாக வழங்கினார். தேநீர் விருந்து நடத்தும் உரிமையுங்கூட அவர் வழங்கும் சலுகையாயிற்று. பகிர்ந்தளிக்க நிலம் குறைவு. ஒரு கலமோ ஒரு மாகாணத்துக்கு ஈடாயிற்று. 1577இல் முற்றுகையிடப்பட்ட மட்சுனாகா ஹிசாஹிடே, நொபுனாகா நெடுநாள் விரும்பிய தமது கேத்திலை அவருக்குக் கொடாது உடைத்துவிட்டே மாண்டார் என்பது மரபுக் கதை. 1582இல் நொபுனாகா தாமே ஹொன்னோ மடத்திற் சூழப்பட்டு இறந்தபோது, அங்கு அவர் கொண்டுசென்றிருந்த கலங்கள் பலவும் தீக்கிரையாயின.

அவருக்குப் பின் வந்த டொயோட்டொமி ஹிடெயோஷி பொற்றகடு வேய்ந்த தேநீர் அறையொன்றை அமைத்து 1586இற் பேரரசருக்குத் தேநீர் படைத்தார். மறு ஆண்டு கித்தானோ கோயில் வளாகத்தில் அவர் நடத்திய பெருவிருந்துக்குக் குடியானவரும் ஏவலாளரும் வரலாம், ஒரு கேத்திலும் ஒரு கிண்ணமும் போதும், தேயிலை இல்லாதோர் வறுத்த மாவைக் கரைத்தேனும் கொண்டுவரலாம் என அறிவிக்கப்பட்டது. இதனைச் சமத்துவத்தின் அடையாளமாகக் காட்டுவோர் உளர். வாராதோர் இனிமேல் தேநீர் விருந்து நடத்தலாகாது என்ற எச்சரிக்கையும் அதே அறிவித்தலில் இருந்தது. பத்து நாள் நிகழ்வதாயிருந்த விருந்து ஒரே நாளில் முடிவுற்றது. 1590இல் யமனோவே சோஜியும் 1591இல் றிக்யூவும் ஹிடெயோஷியின் ஆணையால் உயிரிழந்தனர். எளிமையின் அழகு அதிகாரத்தின் அறையில் நெடுநாள் வாழ்வது அரிது போலும்.

இனி, அந்த இடோக் கிண்ணத்தைச் சற்று நெருங்கி நோக்குவோம். இன்று யப்பானின் தேசியத் திரவியமாக விளங்கும் ‘கிசாயெமொன் இடோ’ 16ஆம் நூற்றாண்டிற் கொரியாவின் தென்பகுதியிற் செய்யப்பட்டது. விட்டம் ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர். உயரம் 9 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. மங்கிய மஞ்சட்பழுப்பு நிறம். வேகமாகச் சுழலும் சக்கரத்தில் விரல் ஓடிய வரைகள் அப்படியே தெரிகின்றன. அடிப்பாதம் மூங்கிற்கணு போல் அமைந்துள்ளது. அதனைச் சூழ மெருகுப்பூச்சு சரியாக உருகிப் பரவாது திரள் திரளாகச் சுருண்டு நிற்கின்றது. சூளை வேலையிற் பழகிய ஒருவர் இதனைக் குறையென்றே கூறுவர். தேநீர் வாணர் இதற்கே தனிப்பெயரிட்டுப் போற்றினர். இவ்வினத்துக் கிண்ணங்கள் பலவற்றின் உட்புறத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுட்டமையால் ஏற்பட்ட தழும்புகள் காணப்படும். தனித்தனியே பேணி வைத்துச் சுட்ட கலங்கள் அல்ல இவை. ஒரு நாளிற் பல வனையப்பட்டு, நெருக்கி அடுக்கி, கிடைத்த விறகிற் சுடப்பட்டவை.

இக்கிண்ணத்துக்குப் பெயர் தந்தவர் டக்கெடா கிசாயெமொன் என்னும் ஒசாக்கா வணிகர். செல்வம் அனைத்தையும் இழந்து, கியோத்தோவின் கேளிக்கைப் பகுதிக்கு வருவோரை வழிநடத்திப் பிழைக்கும் நிலைக்கு வந்தபோதும் அவர் இதனை விற்க மறுத்து, தம்மோடு கொண்டு திரிந்தார் எனவும், கொப்புளங்கண்டு மாண்டார் எனவும் கூறுவர். கிண்ணத்தை வைத்திருப்போருக்குக் கொப்புளம் காணும் என்ற நம்பிக்கை அதிலிருந்து எழுந்தது. 1775இல் மட்சுவே நாட்டுப் பிரபு மட்சுடைரா பூமாய் இதனை 550 றியோ பொன்னுக்கு வாங்கினார். பூமாய் (1751-1818) தேநீர்க்கலங்களைத் தரப்படுத்தித் தொகுத்த பட்டியல் நூல் இன்றுவரை சேகரிப்பாளருக்கு வேதமாக உள்ளது. 1770இல், இருபது வயதும் நிறையாத இதே பூமாய், விலையுயர்ந்த தேநீர்க்கலங்களுக்காகப் பொருளை வீணாக்குவோரைக் கண்டித்து ஒரு சிறு நூல் எழுதியிருந்தார் என்பதை இங்கு குறித்தல் தகும். ஐந்தாண்டுகளில் அக்கண்டனம் அவருக்கே பொருந்துவதாயிற்று. அவரது மறைவின் பின்னர், அவர் மகனையும் நோய் பற்றியதால் அஞ்சிய குடும்பத்தார் கிண்ணத்தைக் கியோத்தோவின் டைட்டொக்கு மடத்தைச் சேர்ந்த கொஹோ இல்லத்துக்கு ஈந்தனர். அங்கேயே அது இன்றும் உள்ளது.

பருகுவதற்கென ஆக்கப்பட்ட கலம் பருகப்படாமற் பெட்டிக்குள் உறைவது சேகரிப்பின் இயல்பான முடிவு. 2014இல் ஹொங்கொங் ஏலமொன்றில் 15ஆம் நூற்றாண்டுச் சீனச் ‘சேவற் கோப்பை’யை 28 கோடி ஹொங்கொங் டொலருக்கு மேல் கொடுத்து வாங்கிய செல்வந்தர் லியூ யிச்சியான், அதில் தேநீர் ஊற்றிக் குடித்த படம் வெளியானபோது பெரும் கண்டனம் எழுந்தது. அவர் முன்னர் வாடகைக்கார் சாரதியாக இருந்தவர் என்பதை ஏளனத்தோடு சுட்டியோரும் உண்டு. கோப்பையிற் குடித்தமை குற்றமாகக் காணப்பட்டமையே எமக்கு வியப்பளிக்கின்றது.

1931 மார்ச்சில், பெட்டிக்குள் பெட்டியாக வைத்துப் பட்டினாற் பொதியப்பட்டிருந்த கிசாயெமொன் கிண்ணத்தைக் காணும் வாய்ப்பு யனகி சோயெட்சுவுக்குக் கிடைத்தது. யனகி (1889-1961) யப்பானிய நாட்டார் கைவினை இயக்கத்தின் மூலவர். பெயரற்ற எளிய உழைப்பாளி அன்றாடப் பாவனைக்கென ஆக்கும் பொருளிலேயே உண்மையான அழகு குடிகொள்ளும் என்பது அவர் கொள்கை. உலகப்புகழ் வாய்ந்த கிண்ணத்தைக் கண்டபோது, இது எத்துணைச் சாதாரணமானது என்பதே அவருக்கு முதலில் தோன்றியது. கொரிய ஏழையொருவன் சோறுண்ட கிண்ணம் இது; அழகுபடுத்தும் எண்ணமே இன்றி வனையப்பட்டமையாலேயே அழகாயிற்று என அவர் அவ்வாண்டு எழுதிய கட்டுரையில் வாதிட்டார். பிரபுக்களின் பட்டுப் பொதியிலிருந்து கிண்ணத்தை எடுத்து, அதனை ஆக்கிய உழைப்பாளியின் பக்கம் திருப்பி வைத்தமை யனகியின் பெருஞ்சாதனையாகும். வெறும் ஏட்டளவிலும் அவர் நிற்கவில்லை. 1910இல் யப்பான் கொரியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டிருந்தது. 1919 மார்ச் விடுதலை எழுச்சி குருதியில் அடக்கப்பட்டபோது அவர் கொரியருக்காகப் பகிரங்கமாக எழுதினார். 1922இற் சியோலின் குவாங்குவாமுன் வாயிலை இடிக்கும் திட்டத்தைக் கண்டித்தார். 1924இல் அந்நகரிலேயே கொரிய மக்கள் கலைகளுக்கான நூதனசாலையை நிறுவினார்.

எனினும் யனகியின் கருத்தை அப்படியே ஏற்பது எமக்கு இயலவில்லை. கொரியக் கலையின் சாரம் துயரத்தின் அழகே என அவர் கூறியமையைப் பிற்காலக் கொரிய அறிஞர் கடுமையாக விமர்சித்தனர். ஆளப்படும் மக்களின் துயரை ஆளும் நாட்டவர் ஒருவர் அழகெனக் கண்டு மகிழ்வதில் உள்ள இடர்ப்பாடு வெளிப்படையானது. இடோக் கிண்ணம் சோற்றுக் கிண்ணந்தானா என்பதும் இன்று ஐயத்துக்குரியது. அதனைச் சடங்குக்கலமாகக் கொள்ளும் கொரியக் குயவரும் உளர். அவ்வாறாயின், எண்ணமின்றி வனைந்தான் என்ற கூற்று தளர்ந்துவிடும். இவற்றினும் அடிப்படையான வினா ஒன்று உண்டு. குயவனின் பெயரின்மையை யனகி ஒரு அழகியற் பண்பாக, ஏறக்குறைய ஒரு துறவுநிலையாகக் கண்டார். கைத்தொழிலாளர் தம் பெயரை வேண்டாமென்று துறந்தனரா, அன்றி அது அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டதா?

இவ்விடத்தில் யனகியின் நண்பர் அசக்காவா டக்குமியை நினைவுகூர்தல் பொருந்தும். கொரியாவில் வனத்துறை ஊழியராகப் பணியாற்றிய இவர், கொரிய மொழியைக் கற்று, கொரியர் நடுவே வாழ்ந்தவர். இன்ன கலத்தை ஆக்கியோரும் பயன்படுத்தியோரும் எப்பெயரால் அழைத்தனர் என்பதை ஊர் ஊராகக் கேட்டுத் தொகுத்தார். யனகி கிசாயெமொன் கிண்ணத்தைக் கண்ட அடுத்த மாதம், 1931 ஏப்பிறலில், டக்குமி காலமானார். கொரியக் கலப்பெயர்கள் பற்றிய அவரது நூல் அதன் பின்னரே வெளிவந்தது. கிராமத்துக் கொரியர் அவர் பாடையைச் சுமக்க முன்வந்தனர் என்பர். யப்பானியத் தேநீர் உலகம் கொரியக் கிண்ணங்களுக்குத் தன் சொந்தப் பெயர்களை இட்டு மகிழ்ந்த முந்நூறு ஆண்டுகளின் பின், அவற்றின் சொந்தப் பெயர் யாது எனக் கேட்டவர் இவர்.

பெயர் பறிபோன கதையின் மையம் ஹிடெயோஷியின் கொரியப் படையெடுப்பு (1592-1598) ஆகும். கொன்றோரின் எண்ணிக்கைக்குச் சான்றாகக் கொரியரின் மூக்குகள் அரியப்பட்டு உப்பிலிட்டு அனுப்பப்பட்டன. அவை புதைக்கப்பட்ட மேடு கியோத்தோவில் இன்றும் உள்ளது. அதே கப்பல்களின் வழியே உயிருடன் கொணரப்பட்டோருட் குயவர் பலர். படையெடுப்பை யப்பானியரே ‘மட்பாண்ட யுத்தம்’ எனப் பின்னாளில் அழைக்கலாயினர். நிலமும் அதிகாரமுமே யுத்தத்தின் நோக்கங்கள். கிண்ணத்துக்காகவே படை சென்றது என்பது மிகைக் கூற்று. ஆனால் மேற்குக் கரையோரப் பிரபுக்கள் குயவரைத் திட்டமிட்டே கவர்ந்தனர் என்பதில் ஐயமில்லை. ஹகி, அகானோ, டக்கத்தோரி, சட்சுமா, அரித்தா எனச் சேகரிப்பாளர் இன்று வாயூற உச்சரிக்கும் சூளைப் பெயர்களுள் ஒவ்வொன்றன் பின்னும் சிறைப்பட்ட கொரியக் குடும்பங்கள் உள்ளன.

சட்சுமாவின் ஷிமாட்சு யோஷிஹிரோ 1598இற் கொணர்ந்தோர் ஏறத்தாழ எண்பதின்மர். அவர்களுடைய முதற் கிண்ணங்கள் ‘ஹிபக்காரி’ எனப்படும். ‘தீ மட்டுமே’ என்பது பொருள். மண், மெருகு, வனைந்த கை யாவும் கொரியாவினுடையவை; சுட்ட தீ ஒன்றே யப்பானினுடையது. நயெஷிரொகாவா என்னும் ஊரிற் குடியேற்றப்பட்ட அவர்கள் கொரிய உடை, மொழி, பெயர் ஆகியவற்றைக் கைவிடலாகாது எனப் பிரபு கட்டளையிட்டார். பெருந்தன்மையன்று இது, தனித்துத் தெரியும் குலமாக வைத்திருத்தலே நோக்கம். 1868இன் பின்னர் அதே கொரியப் பெயர் அவமானமாயிற்று. அவ்வூரிற் பாக் குடும்பத்திற் பிறந்து, தந்தை விலைகொடுத்துப் பெற்ற யப்பானியக் குடும்பப் பெயரோடு வளர்ந்த டோகோ ஷிகெனோரி, 1941இல் யப்பானின் வெளிநாட்டமைச்சராக இருந்தார். 1998இல், நானூறு ஆண்டு நிறைவின்போது, ஷிம் குடும்பத்தின் பதினான்காந் தலைமுறைக் குயவர் கொரியாவின் நம்வொன் நகரிலிருந்து தீயை எடுத்துவந்து நயெஷிரொகாவாவிற் சூளை மூட்டினார். இம்முறை மண் யப்பானினுடையது.

அரித்தாவின் கதை பொருளியல் நோக்கிற் பெரிது. நபெஷிமாப் பிரபுவின் படையினராற் கொணரப்பட்ட யி சம்பியொங், 1616 அளவில் இசுமி மலையில் வெண்களிமண்ணைக் கண்டறிந்ததோடு யப்பானின் பீங்கான் தொழில் தொடங்கியதாகக் கொள்வர். 1637இல், விறகுக்காகக் காடுகள் அழிவதைக் காரணங்காட்டி, 800க்கு மேற்பட்ட யப்பானியத் தொழிலாளர் சூளைகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். நிலைகொண்டிருந்த கொரியர் விடப்பட்டனர். நுட்பம் யாரிடமிருந்தது என்பதைப் பிரபு நன்கறிவார். 1644இல் மிங் ஆட்சி சரிந்து சீனப் பீங்கான் வரவு குன்றியபோது, ஒல்லாந்தக் கம்பனி அரித்தாவை நாடியது. யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய மறு ஆண்டு, 1659இல், அக்கம்பனி அரித்தாவிடம் பல்லாயிரக் கணக்கான கலங்களுக்கு ஓடர் கொடுத்தது. அவை இமாரித் துறைமுகம் வழியாகச் சென்றமையால் ஐரோப்பியச் சேகரிப்பாளர் அவற்றை ‘இமாரி’ என்றே அறிந்தனர். இங்கும் பெயர் துறைமுகத்துக்கே வாய்த்தது.

யி சம்பியொங்குக்கு 1917இல் நினைவுத்தூண் எழுப்பப்பட்டது. கொரியா அப்போது யப்பானின் குடியேற்ற நாடு. அவரைப் போன்றே அரித்தாவுக்கு உழைத்த பெண்ணொருவரும் உண்டு. கணவரோடு கொண்டுவரப்பட்டு, அவர் இறந்தபின் 900க்கு மேற்பட்ட கொரியக் குயவரைத் தம் தலைமையில் அரித்தாவுக்கு இட்டுச் சென்றவர் இவர் என்பது மரபு. 1656இல் 96ஆம் வயதில் மறைந்தார். அவருடைய கொள்ளுப்பேரன் 1705இல் அரித்தாவின் ஹோஒன் மடத்தில் ஒரு கல் நாட்டினார். கல்லிற் பொறிக்கப்பட்ட ‘ஹியக்குபா சென்’ என்பது அவரது பெயரன்று. ‘நூறு வயதுப் பாட்டி’ என மக்களும் பேரரும் மரியாதையாக அழைத்த அழைப்பு அது. கொரியாவில் அவருக்கு இட்ட பெயர் அக்கல்லில் இல்லை.